மணிக்கட்டைப் பிடிக்கக் கூடாது

அந்த நாற்காலியில் உட்காராதீர்கள், அதற்கு ஒரு கால் சரியில்லை. இந்த பெஞ்சுக்கு வாருங்கள். இல்லை, உட்காரவும் வேண்டாம், ஒரு நிமிஷம் நில்லுங்கள். நீங்கள் நல்ல உயரம். முன்பின் தெரியாதவளிடம் வேலை சொல்கிறாளே என்று நினைக்காதீர்கள். அந்தக் கதவுக் கண்ணாடியில் பாதிக்கு மேல் ஸ்டிக்கர் ஒட்டித் தொலைத்திருக்கிறார்கள். உச்சியில் மட்டும் கொஞ்சம் இடம் விட்டிருக்கிறார்கள், பாருங்கள். எனக்கு எட்டாது. எக்கி எக்கிக் கெண்டைக்கால் பிடித்துக்கொண்டதுதான் மிச்சம். உள்ளே வெள்ளைச் சட்டை போட்ட ஒருவர் இருப்பார். நெற்றி நன்றாக ஏறிப்போயிருக்கும். அவர் நிற்கிறாரா?

ஆடுகிறாரா. சரி. அப்படியானால் உட்காருங்கள்.

என் வீட்டுக்காரர்தான். அவரோடு ஆடுகிறாளே, பச்சை கவுன், அவள்தான் மிஸ் நோரீன். நீங்கள் டான்ஸ் கிளாஸில் சேருவதற்கு விசாரிக்கத்தானே வந்தீர்கள்? அவள் வெளியே வரக் கொஞ்ச நேரமாகும். பரீட்சை நடக்கிறது. சிரிக்காதீர்கள், உண்மையாகவே பரீட்சைதான். இங்கே மூன்று படி. பிரான்ஸ், சில்வர், கோல்டு, அதாவது வெண்கலம், வெள்ளி, தங்கம். வலது கால் எது, இடது கால் எது என்று தெரிந்தால் பிரான்ஸ். அதில் எல்லோருக்கும் பாஸ் போட்டுவிடுவாள். சில்வரில்தான் நிஜமான பரீட்சை. போன தடவை அவர் பாஸ், நான் ஃபெயில்.

ஃபெயில் என்ற வார்த்தையை நான் இதுவரை என் மகளுடைய கணக்கு டீச்சரிடம்தான் கேட்டிருக்கிறேன். நான் திருச்சியில் கான்வென்டில் படித்தவள். கையெழுத்துக்குப் பரிசு, தையலுக்குப் பரிசு, நேரத்துக்கு வருவதற்குக்கூட ஒரு பரிசு வைத்திருந்தார்கள், அதையும் நான்தான் வாங்குவேன். இந்த வயதில் ஃபெயில். அதுவும் எதில்? பின்பக்கமாக நடப்பதில்.

ஆமாம், இந்த ஜோடி ஆட்டம், வால்ட்ஸ் என்றால் அதுதான். ஆண்கள் முன்பக்கமாக நடப்பார்கள், நாம் அவர்களைப் பார்த்தபடியே பின்பக்கமாக நடக்க வேண்டும். எங்கே போகிறோம் என்று அவர்கள் பார்த்துக்கொள்வார்கள். அவர்கள் லீட், நாம் ஃபாலோ. நோரீன் முதல் நாளே சொன்னாள். "ஃபாலோ பண்றவங்க யோசிக்கக் கூடாதுங்க ஆன்ட்டி." நான் யோசிக்காமல் இருந்தால் எங்கள் வீட்டில் காஸ் சிலிண்டர்கூட வராது என்றேன். அவள் சிரித்தாள். போத்தனூர் ரயில்வே காலனிப் பெண், ஆங்கிலோ இந்தியன். ஒன் டூ த்ரீ எண்ணுவதெல்லாம் இங்கிலீஷில், திட்டுவது மட்டும் கோயமுத்தூர் தமிழில், ங்க போட்டு. மரியாதையாகத் திட்டு வாங்கிப் பழக்கமில்லை என்றால் இப்போதே யோசித்துக்கொள்ளுங்கள்.

ஒரு தடவை எழுந்து பார்த்துவிட்டு உட்காருங்களேன்.

சரி.

ஒருவர் பரீட்சை கொடுக்கும்போது ஜோடி வெளியே இருக்க வேண்டுமாம். இந்த விதி போன வாரம்தான் வந்தது. எனக்காகப் போட்டதில்லை, எல்லோருக்கும்தான் என்று அவளாகவே வந்து சொன்னாள். நான் ஒன்றும் கேட்கவில்லையே.

இதில் சேர்ந்தது என் யோசனை இல்லை. அவருடைய யோசனை. கீழே பேக்கரியில் பன் வாங்க வந்தவர், படிக்கட்டில் ஒட்டியிருந்த நோட்டீஸைப் பார்த்துவிட்டு வந்து, "சுகந்தி, நான் வால்ட்ஸ் கத்துக்கப் போறேன்" என்றார். பன் எங்கே என்று கேட்டேன். மறந்துவிட்டாராம். மில்லில் மெயின்டனன்ஸ் மேனேஜர், ஆயுசு முழுக்க ஸ்பின்னிங் மெஷின் சத்தத்தில் இருந்தவர். கல்யாணத்தில் மாலை மாற்றும்போதே என் காலை மிதித்தவர். சரி, டாக்டர் உடம்பை அசைக்கச் சொல்லியிருக்கிறாரே, இரண்டு நாள் போய்விட்டு விட்டுவிடுவார் என்று நினைத்தேன். தனியாக அனுப்ப முடியுமா? நானும் கூடச் சேர்ந்தேன். ஆடுவதற்கு இல்லை. பார்த்துக்கொள்வதற்கு.

ஏன் என்று கேட்கிறீர்களா? கேட்கவில்லையா. பரவாயில்லை, சொல்கிறேன்.

மேட்டுப்பாளையத்தில் ஒரு கல்யாணம். அவருடைய அத்தை பேரனுக்கு. கவர் கொடுக்க மேடை ஏறினோம். பின்னால் பெரிய வரிசை. உங்களுக்குத் தெரியுமே, மேடையில் அந்த வீடியோக்காரன் ராஜ்ஜியம்தான். "சார் கொஞ்சம் உள்ள வாங்க. மேடம், இங்க பாருங்க. மேடம், சிரிங்க." பார்த்தேன். சிரித்தேன். பக்கத்தில் பட்டு வேட்டி சரசரவென்று சத்தம் கேட்டது. குனிந்து எதையோ எடுக்கிறார் என்று நினைத்தேன். நினைத்துக்கொண்டு இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தேன். அந்த லைட் வேறு, கண்ணைக் கூசும். பெண்ணோட அம்மா அலறின பிறகுதான் திரும்பினேன். கீழே கிடந்தார். ஒரு கை மணப்பெண் சேலை மேல்.

எல்லாம் அந்த வீடியோக்காரனால். இங்கே பார் இங்கே பார் என்று எதற்குச் சொல்ல வேண்டும்? நான் பாட்டுக்கு அவரைப் பார்த்துக்கொண்டு நின்றிருப்பேன்.

"என்னங்க, என்னங்க" என்று கத்தினேன். ஒரு கல்யாண மண்டபத்தில் என்னங்க என்று கத்தினால் எத்தனை பேர் திரும்புவார்கள் சொல்லுங்கள். பாதி ஆண்பிள்ளைகள் திரும்பினார்கள். அவர் திரும்பவில்லை.

பிறகு ஆஸ்பத்திரி. வரவேற்பில் ஒரு பெண், "பேஷன்ட் பேர் சொல்லுங்க" என்கிறாள். நான் அவர் பர்ஸிலிருந்து டிரைவிங் லைசென்ஸை எடுத்து நீட்டினேன். "வாயத் தொறந்து சொல்லுங்கம்மா" என்கிறாள். எங்கள் வீட்டில் அந்தப் பழக்கம் கிடையாது. என் மாமியார் சொன்னதில்லை, என் அம்மா சொன்னதில்லை, நானும் சொன்னதில்லை. "இவங்க கான்வென்ட்ல படிச்சாங்களாம்" என்று என் மகள் கேலி செய்வாள். அசெம்ப்ளியில் மைக்கைப் பிடித்து இங்கிலீஷில் ஜெபம் சொன்னவள்தான் நான். அது வேறு, இது வேறு.

இதயம் மெதுவாக அடிக்கிறதாம், நடுவில் மறந்துபோய் நின்றுவிடுகிறதாம். இங்கே, இடது காறையெலும்புக்குக் கீழே, பேஸ்மேக்கர் வைத்தார்கள். தீப்பெட்டி அளவுகூட இல்லை. "இனி ஒண்ணும் ஆகாது, ஓடலாம், ஆடலாம்" என்றார் டாக்டர். அவர் சொல்லிவிட்டு அடுத்த பேஷன்டைப் பார்க்கப் போய்விட்டார். அந்தப் பெட்டியோடு ஒரே வீட்டில் இருக்கப் போவது யார்? எங்கள் வீட்டு ஃப்ரிட்ஜ், இவ்வளவு பெரிசு, அதுவே சொல்லாமல் கொள்ளாமல் நின்றுவிட்டது.

அதனால் நாடி பார்க்கக் கற்றுக்கொண்டேன். நர்ஸ் சொல்லிக்கொடுத்தாள். கட்டைவிரல் பக்கம், மணிக்கட்டுக்குக் கொஞ்சம் மேலே, இரண்டு விரல். பேப்பர் படிக்கும்போது, சாப்பிட்ட பிறகு, கோயிலில் கைகூப்பி நிற்கும்போது. அவர் முதலில் சிரித்தார். பிறகு சிரிக்கவில்லை. பிறகு பேப்பரை வேறு ரூமுக்கு எடுத்துப் போனார். கொஞ்சம் வினோதமான மனுஷர்.

இப்போது வால்ட்ஸுக்கு எப்படிப் பிடிக்க வேண்டும் தெரியுமா? கையைக் கொடுங்கள். நீங்கள்தான் அவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். உங்கள் இடது கையில் என் வலது கை. உள்ளங்கையோடு உள்ளங்கை. அவ்வளவுதான் பிடி. இதிலிருந்து மணிக்கட்டு எவ்வளவு தூரம்? இதோ, இப்படி ஒரு நெளி நெளிந்தால் விரல் அங்கே போய்விடுகிறது. யாருக்கும் தெரியாது. பார்த்தால் ஆடுகிற மாதிரிதான் இருக்கும்.

நோரீனுக்குத் தெரிந்துவிட்டது. விரலைப் பார்த்து இல்லை. காலைப் பார்த்து. "ஆன்ட்டி, எல்லாரும் பாட்டுக்கு ஆடறாங்க. நீங்க எதுக்கு ஆடறீங்க?" என்றாள். எனக்குப் புரியவில்லை. பிறகுதான் புரிந்தது. பாட்டுக்கு ஒரு தாளம். அவர் கையில் ஒரு தாளம். என் கால் அவர் கையைக் கேட்டுக்கொண்டு போகிறது. பாட்டை யார் கேட்டார்கள்? பாட்டு நின்றால் மறுபடி போட்டுக்கொள்ளலாம்.

இன்னொரு தொல்லை, இங்கே ஜோடி மாறிக்கொண்டே இருக்க வேண்டும். அவள் கையைத் தட்டி "சேஞ்ச்" என்றால் அடுத்த ஆளிடம் போக வேண்டும். கட்டின புருஷனோடு மட்டும்தான் ஆடுவேன் என்றால் சேர்த்துக்கொள்ளவே மாட்டாள். முதல் நாள் எனக்குக் கூச்சமாக இருந்தது. இரண்டாம் நாள் எரிச்சல். ஏனென்றால் அவர் ஹாலின் அந்தக் கோடியில் யாரையோ பிடித்துக்கொண்டு சுற்றுகிறார், நான் இந்தக் கோடியில். கழுத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்து எனக்குச் சுளுக்கு. யுகேந்திரன் என்று ஒரு பல் டாக்டர் வருவார், சின்ன வயசு. அவர் கையைப் பிடித்தாலும் என் விரல் தானாக மேலே ஏறிவிடுகிறது. நல்லதுக்குத்தான் சொன்னேன், "தம்பி, எத்தன காபி குடிச்சீங்க? குதிர மாதிரி ஓடுது." அவர் எல்லோரிடமும் சொல்லிவிட்டார், ஆன்ட்டியிடம் ஆடினால் ஃப்ரீ செக்கப் என்று. அதற்குப் பிறகு சேஞ்ச் சொன்னால் ஆண்கள் எல்லோரும் என்னைத் தாண்டிப் போகிற மாதிரி எனக்கு ஒரு சந்தேகம்.

அவரிடம் மட்டும் க்யூவில் நிற்கிறார்கள். மலர்விழி என்று ஒரு பேங்க் ஆபீசர், என்னிடமே வந்து சொல்கிறாள், "அங்கிள்கூட ஆடறது லிஃப்ட்ல போற மாதிரி இருக்குங்க ஆன்ட்டி." லிஃப்டில் போவது ஒரு பெருமையா? கரண்ட் போனால் நடுவில் நின்றுவிடும்.

நான் அவரோடு ஆடினால் அப்படி இல்லை. கட்டையாக நிற்கிறார். ஒரு காலை எடுத்து வைக்க யோசிக்கிறார். மிதிக்கிறார். மற்றவர்களோடு வழுக்கிக்கொண்டு போகிற மனுஷர், என்னிடம் வந்தால் மர பீரோ. வேண்டுமென்றே செய்கிறார் என்றுதான் நினைத்தேன். போன பரீட்சைக்குப் பிறகு சமையலறையில் வைத்துக் கேட்டும்விட்டேன். அவர் உருளைக்கிழங்கு உரித்துக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"சுகந்தி, ஒண்ணு கையப் பிடி. இல்ல நாடியப் பிடி."

"பிடிச்சா என்ன குறைஞ்சு போச்சு?"

"மத்தவங்க பிடிச்சா நான் ஒரு ஆளு. நீ பிடிச்சா நான் பேஷன்ட்."

பார்த்தீர்களா, எப்படிப் பேசுகிறார். இத்தனை வருஷம் கூட இருந்து பார்த்துக்கொண்டவளுக்கு இது. குக்கரைத்தான் கொஞ்சம் சத்தமாக வைத்தேன். அவர் அந்த உருளைக்கிழங்கையே திருப்பித் திருப்பிப் பார்த்துக்கொண்டு, "உன் விரல் பட்ட உடனே அந்தக் கல்யாண மேடை ஞாபகம் வருது. அடுத்து விழப்போறேன்னு நீ காத்துக்கிட்டு இருக்கற மாதிரி இருக்கு" என்றார்.

காத்துக்கொண்டுதான் இருக்கிறேன். அதை எப்படிச் சொல்வது?

கொஞ்சம் எழுந்து பாருங்கள். ரொம்ப நேரமாகப் பாட்டு ஒரே மாதிரி போகிறது.

சரி. நன்றி. உங்களை ரொம்பத்தான் படுத்துகிறேன்.

இன்றைக்கு என்ன விஷயம் என்றால், இன்றைக்கும் நான் ஃபெயிலானால் அவர் மட்டும் கோல்டுக்குப் போய்விடுவார். கோல்டு கிளாஸ் வேறு கிழமை. சில்வர் முடிக்காதவர்கள் உள்ளே வரக் கூடாது. வெளியே உட்காரவும் விடமாட்டாள், படிக்கட்டுக் கதவையே பூட்டிவிடுவாள். நான் வீட்டில், அவர் இங்கே. அவர் முகம் எப்படி வெளுக்கும் என்று இங்கே யாருக்குத் தெரியும்? திடீரென்று வெளுக்காது. முதலில் மேல் உதட்டில் வேர்க்கும். வேர்த்தால் நல்லா ஆடுகிறார் என்று கை தட்டுவார்கள் இவர்கள். போகாதீர்கள் என்று சொல்லிப் பார்த்தேன். "பாஸ் பண்ணு, சேர்ந்து போலாம்" என்கிறார். அதுவும் எப்படி, சினிமாவுக்குக் கூப்பிடுகிற மாதிரி.

பாஸ் பண்ண என்ன செய்ய வேண்டும் தெரியுமா? முதலில் அவர் நோரீனோடு ஆட வேண்டும், அதுதான் இப்போது நடக்கிறது. அவர் பாஸானவர்தான், ஆனால் எனக்கு லீட் கொடுக்கிறவர் அவர் என்பதால் மறுபடி பார்க்கிறாளாம். பிறகு என்னைக் கூப்பிடுவாள். நான் அவரோடு ஆட வேண்டும். ஒரு முழுப் பாட்டு. கண்ணை மூடிக்கொண்டு.

ஆமாம். கண்ணை மூடிக்கொண்டு, பின்னால் நடந்துகொண்டு. அப்படி ஆடினால்தான் ஃபாலோ பண்ணுகிறோமா, நாமாகப் போகிறோமா என்று தெரியுமாம். போன தடவை இமையைக் கொஞ்சம் விட்டு வைத்திருந்தேன், இப்படி, நூல் அளவுக்கு. அவள் கண்டுபிடித்துவிட்டாள். கண்ணை மூடினால் தலை சுற்றும் என்றேன். "சுத்தட்டுமுங்க, அங்கிள் புடிச்சுக்குவாரு" என்கிறாள். அவர் பிடித்துக்கொள்வாராம். அவரை யார் பிடித்துக்கொள்வது?

வீட்டில் பழகிப் பார்த்தோம். சோபாவுக்கும் டைனிங் டேபிளுக்கும் நடுவில். கண்ணை மூடினேன். ஒன் டூ த்ரீ என்று மெதுவாகச் சொல்லிக்கொண்டே வந்தார். அந்தக் குரல் இருக்கிறவரை மூடியிருந்தேன், சத்தியமாக. ஒரு இடத்தில் குரல் நின்றது. திறந்துவிட்டேன். அவர் சும்மா நின்றுகொண்டிருந்தார், தும்மல் வருகிற மாதிரி இருந்ததாம். "ஏன் திறந்தே?" என்றார். அடுப்பில் பால் வைத்திருக்கிறேன் என்றேன். பால் இல்லை, ஒன்றும் இல்லை. அவர் அடுப்பைப் போய்ப் பார்த்துவிட்டு வந்தார்.

என்ன சத்தம் அது?

எழுந்திருங்கள். பாருங்கள், சீக்கிரம். எனக்கு எட்டாதே. பாட்டும் நின்றுவிட்டது. ஏன் நின்றது? ஏதோ விழுந்தது, கனமாக விழுந்தது, உங்களுக்கும் கேட்டதல்லவா? என்ன தெரிகிறது? ஏன் பேசாமல் நிற்கிறீர்கள்? வெள்ளைச் சட்டை. வெள்ளைச் சட்டை தெரிகிறதா? மேலே தெரிகிறதா, கீழே தெரிகிறதா?

ஸ்பீக்கரா.

ஸ்பீக்கர் ஸ்டாண்டா விழுந்தது.

யார் தூக்குகிறார்கள்? அவரா? அவரை யார் தூக்கச் சொன்னது? எந்தக் கையால் தூக்குகிறார்? இரண்டு கையாலுமா. என்ன செய்கிறார் இப்போது?

சிரிக்கிறாரா.

சிரிக்கட்டும்.

உட்காருங்கள். கொஞ்சம் தண்ணீர் இருக்கிறதா உங்களிடம்? இருக்கட்டும், வேண்டாம். என் கையை விடுங்கள். ஓ, நான்தான் உங்கள் கையைப் பிடித்திருக்கிறேனா. மன்னியுங்கள், எப்போது பிடித்தேன் என்றே தெரியவில்லை. உங்களுக்கும் வேகமாகத்தான் அடிக்கிறது. பயந்துவிட்டீர்கள். நீங்கள் ரொம்ப பயந்த சுபாவம் போலிருக்கிறது.

கதவு திறக்கிறது. "ஆன்ட்டி, வாங்க." கூப்பிட்டுவிட்டாள்.

வர்றேன் நோரீன், ஒரு நிமிஷம். செருப்பு வார் சரி பண்ணிக்கறேன். நோரீன், இவங்க புதுசா சேர வந்திருக்காங்க. உள்ள வந்து உக்காந்து பாக்கட்டுமே. ஓரமா உக்காந்துக்குவாங்க, தொந்தரவு பண்ண மாட்டாங்க. சரியா? தேங்க்ஸ்.

வாருங்கள், என் கூடவே வாருங்கள். மெதுவாகப் பேசுகிறேன், கேட்டுக்கொள்ளுங்கள். என் மூக்குக் கண்ணாடியை நீங்கள் வைத்துக்கொள்ளுங்கள். இது இல்லாமல் இமையைத் திறந்தாலும் எனக்குப் புகைதான், ஏமாற்ற முடியாது. விரலையும் பாருங்கள், மோதிரத்தைக்கூடக் கழற்றிவிட்டேன், விரல் அவர் உள்ளங்கையில்தான் இருக்கும், மேலே ஏறாது. ஏறாமல் பார்த்துக்கொள்கிறேன்.

நீங்கள் செய்ய வேண்டியது இதுதான். அந்த ஓரத்து நாற்காலியில் உட்காருங்கள், ஜன்னல் பக்கம். காலைப் பார்க்காதீர்கள். புதிதாக வருகிறவர்கள் எல்லோரும் காலையே பார்ப்பார்கள். நீங்கள் அவர் முகத்தைப் பாருங்கள். யார் கூப்பிட்டாலும் திரும்பாதீர்கள், நோரீன் கேட்டால்கூட. உதடு அசைந்துகொண்டே இருக்கும், ஒன் டூ த்ரீ எண்ணுவார். சத்தம் வராது, உதடு மட்டும்தான். அது அசைகிறவரை ஒன்றுமில்லை. மேல் உதட்டில் வேர்த்தாலோ, அசைவது நின்றாலோ, கூப்பிட்டுவிடுங்கள்.

என்னை இல்லை. என்னைக் கூப்பிட்டு என்ன, நான் கண்ணை மூடியிருப்பேன். அவரைக் கூப்பிடுங்கள். அங்கிள் என்று கூப்பிட்டால் திரும்ப மாட்டார், இங்கே பாதிப் பேர் அங்கிள். என்னங்க என்று கூப்பிட்டும் பிரயோஜனமில்லை, அது எனக்குத் தெரியும். பெயரைச் சொல்லித்தான் கூப்பிட வேண்டும்.

கிட்டே வாருங்கள். இன்னும் கிட்டே.

கிருபாகரன்.

கேட்டதா? கிருபாகரன். இப்படி முணுமுணுத்தால் போதாது. மண்டபம் முழுக்கக் கேட்கிற மாதிரி கூப்பிட வேண்டும்.

கையை நீட்டிவிட்டார். நான் கண்ணை மூடுகிறேன். நீங்கள் பாருங்கள்.